அயர்லாந்து ஒண்ணாகுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர் "அயர்லாந்து எப்பதான் ஒண்ணு சேரும்?"னு கேட்டிருந்தாரு. இடம் இல்லாததால "ஓட்டு போட்டா சேரும், போடாட்டி சேராது"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டேன். அதுக்கு வந்த கடுதாசியும் மெயிலும் பாத்தா இந்த விஷயத்துல இத்தனை பேருக்கு ஆர்வமான்னு ஆச்சரியமா போச்சு, சில பேரு திட்டியும் எழுதியிருக்காங்க. அதனால இந்த தடவை சினிமா, உள்ளூர் அரசியல் எல்லாத்துக்கும் லீவு, முழுக்க அயர்லாந்துதான்.

கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

கே: இருக்கறதே ஒரு சின்ன தீவு. அதை யார் சார் ரெண்டா வெட்டினது?

ப: லண்டன் பார்லிமென்ட், தம்பி. 1920ல சட்டம் போட்டு 1921 மே மாசம் அமலுக்கு கொண்டு வந்தாங்க. தீவுல மொத்தம் 32 கவுன்ட்டி, நம்ம ஊரு மாவட்டம்னு வச்சுக்க. அதுல 26 தெற்குக்குப் போச்சு, அதுதான் இன்னிக்கு டப்ளினைத் தலைநகரா வச்சிருக்கற தனி நாடு. 6 மட்டும் தனியா பிரிட்டன்கூட நின்னுச்சு, அதுதான் வட அயர்லாந்து. இந்த ஆறுங்கற கணக்கு எப்படி வந்துச்சுங்கறதுலதான் விஷயமே இருக்கு. வடக்குப் பக்கம் அல்ஸ்டர்னு ஒரு பழைய மாகாணம், அதுல 9 கவுன்ட்டி. 17ஆம் நூற்றாண்டுல ஸ்காட்லாந்துல இருந்தும் இங்கிலாந்துல இருந்தும் கூட்டிட்டு வந்து குடியேத்தின புரொட்டஸ்டன்ட் குடும்பங்களோட வாரிசுங்க அங்கதான் அதிகம், அவங்க டப்ளின் ஆட்சிக்குக் கீழ வரவே மாட்டோம்னு 1912லயே லட்சக்கணக்குல கையெழுத்து போட்டவங்க. ஆனா 9 கவுன்ட்டியையும் எடுத்துக்கிட்டா கத்தோலிக்கரும் நிறைய வந்துடுவாங்க, மெஜாரிட்டி ரொம்ப மெலிசாயிடும். அதனால டோனகல், கேவன், மொனகன் மூணையும் கழட்டி விட்டுட்டு, மூணுல ரெண்டு பங்கு புரொட்டஸ்டன்ட் இருக்கற மாதிரி ஆறை மட்டும் வச்சுக்கிட்டாங்க. கழட்டிவிட்ட அந்த மூணு கவுன்ட்டி புரொட்டஸ்டன்ட்டுங்களையும் யாரும் கேக்கல, ஆறுக்குள்ள மாட்டிக்கிட்ட கத்தோலிக்கரையும் யாரும் கேக்கல.

இதுல ஒரு வேடிக்கை. தீவோட வடக்கு முனை மாலின் ஹெட், அது டோனகல்ல இருக்கு, அதாவது 'தெற்கு' நாட்டுல. 1925ல எல்லையைத் திருத்தறோம்னு உக்காந்த கமிஷனோட ரிப்போர்ட் முன்னாடியே பேப்பர்ல கசிஞ்சு, ரெண்டு பக்கமும் கத்தி, கடைசியில போட்ட கோடு போட்டபடியே நின்னுடுச்சு. பெட்டிகோன்னு ஒரு ஊரு, நடுவுல டெர்மன் ஆறு, ஒரு கரை டோனகல், எதிர்க்கரை ஃபெர்மனா. பாலத்துக்கு இந்தப் பக்கம் யூரோ, அந்தப் பக்கம் பவுண்டு. எல்லையில இன்னிக்கு செக்போஸ்ட் கிடையாது, வண்டியில போறவங்களுக்கு ஸ்பீட் போர்டு கிலோமீட்டர்ல இருந்து மைலுக்கு மாறுறதை வச்சுத்தான் நாடு மாறினதே தெரியும்.

வாசகர், சேலம்

கே: இது கத்தோலிக்கர் – புரொட்டஸ்டன்ட் மதச்சண்டைதானே? எதுக்கு தேசம், அடையாளம்னு பெரிய பேரெல்லாம் வைக்கறீங்க?

ப: போப் பெருசா பைபிள் பெருசான்னு அங்க யாரும் துப்பாக்கி தூக்கல சார். சர்ச் பேரு வெறும் லேபிள். உள்ள இருக்கறது யாரு ஆளணும், யாருக்கு வீடு, யாருக்கு வேலைங்கற கணக்கு. ஒரு சாம்பிள் சொல்றேன். 1968 ஜூன், டைரோன் கவுன்ட்டில காலிடன்னு ஒரு சின்ன ஊரு. கத்தோலிக்கக் குடும்பங்க புள்ளகுட்டியோட வீட்டுக்காக லிஸ்ட்ல காத்துக்கிட்டிருக்க, கவுன்சில் கட்டின வீடு கல்யாணமே ஆகாத 19 வயசு புரொட்டஸ்டன்ட் பொண்ணுக்குப் போச்சு, பிரிட்டன்கூடவே இருக்கணும்ங்கற யூனியனிஸ்ட் கட்சிக்கு வேண்டப்பட்ட வக்கீல்கிட்ட வேலை பாக்கற பொண்ணு. ஆஸ்டின் கரீன்னு ஒரு நேஷனலிஸ்ட் (தீவு ஒண்ணாகணும்ங்கற பக்கம்) எம்.பி. அங்க ஒரு வீட்டுக்குள்ள பூந்து உக்காந்துட்டாரு, போலீஸ் வந்து வெளிய இழுத்துப் போட்டுச்சு.

ஒரு வீட்டுக்கா இவ்வளவு கலாட்டான்னு தோணும். அப்ப அங்க உள்ளாட்சித் தேர்தல்ல வீட்டு வரி கட்டறவங்களுக்கும் அவங்க துணைக்கும்தான் ஓட்டு, அப்பா வீட்டுலயே ஒண்டிக்கிட்டிருக்கற வளர்ந்த புள்ளைக்குக் கிடையாது, ஆனா கம்பெனி வச்சிருக்கறவங்களுக்கு எக்ஸ்ட்ரா ஓட்டு உண்டு. அப்ப கவுன்சில் ஒருத்தருக்கு வீடு குடுத்தா ஓட்டும் சேத்துக் குடுத்த மாதிரிதான், அதனாலதான் வீட்டை கைக்குள்ளயே வச்சிருந்தாங்க. டெர்ரி நகரத்துல கத்தோலிக்கர் மெஜாரிட்டி, ஆனா வார்டு பிரிச்ச லட்சணத்துல கவுன்சில் மட்டும் எப்பவும் யூனியனிஸ்ட் கையில. இதைத்தான் கேட்டு ஊர்வலம் போனாங்க, அடி வாங்கினாங்க, ராணுவம் வந்துச்சு, 1972 ஜனவரி 30ல அதே டெர்ரில ஊர்வலம் வந்தவங்கள்ல 13 பேரை ராணுவம் சுட்டுக் கொன்னுச்சு, அப்புறம் ஒருத்தர் செத்தாரு, பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்பு கேக்கறதுக்கு 2010 ஆகிடுச்சு. மறுபக்கமும் சும்மா இல்ல. 1987ல எனிஸ்கில்லன்ல போர்ல செத்தவங்களுக்கு அஞ்சலி செலுத்த நின்ன கூட்டத்துக்குப் பக்கத்துல, பிரிட்டனை வெளியேத்த ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ. இயக்கம் குண்டு வச்சு 11 பேரை அன்னிக்கே கொன்னாங்க, வயசானவங்கதான் அதிகம். முப்பது வருஷத்துல எல்லா தரப்புலயும் சேத்து 3,500 பேருக்கு மேல செத்திருக்காங்க. அந்த ஐ.ஆர்.ஏ.வோட அரசியல் முகமா இருந்த ஷின் ஃபேன் கட்சி இன்னிக்கு என்னதான் கோட்டு சூட்டு போட்டு வந்தாலும் ஒரு யூனியனிஸ்ட் பாட்டி ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கறாங்கன்னா, எனிஸ்கில்லன் மாதிரி ஊருங்கதான் காரணம்.

இன்னொன்னு, மதம்தான் காரணம்னா 1798ல பிரிட்டனுக்கு எதிரா கிளம்பின உல்ஃப் டோன் புரொட்டஸ்டன்ட்டா இருந்திருக்க முடியாது, அவரோட இயக்கம் ஆரம்பிச்சதே வடக்கோட தலைநகரான பெல்ஃபாஸ்ட்ல, பிரெஸ்பிட்டேரியன்ங்கற புரொட்டஸ்டன்ட் பிரிவுக்காரங்க நடுவுலதான்.

வாசகி, நாகர்கோவில்

கே: 2021 சென்சஸ்ல கத்தோலிக்கர் முந்திட்டாங்க, ஷின் ஃபேன் முதல்வர் பதவிக்கும் வந்தாச்சு. இனி ஓட்டு வச்சா ஒண்ணு சேர்றது கேரன்டிதானே?

ப: இந்தக் கேள்விதான் கடுதாசில பாதி. இல்லைங்கம்மா, கேரன்டி எல்லாம் இல்ல, சொல்லப்போனா இன்னிக்கு வச்சா தோத்துடும்னுதான் என் கணிப்பு.

சென்சஸ் நம்பர் சரிதான். கத்தோலிக்கர் அல்லது கத்தோலிக்கரா வளந்தவங்க 45.7 சதவீதம், புரொட்டஸ்டன்ட் பக்கம் 43.5. நூறு வருஷம் முன்னாடி எந்தக் கணக்குக்காக கோடு போட்டாங்களோ அந்தக் கணக்கே கவுந்துடுச்சு, அது பெரிய விஷயம், இல்லேங்கல. ஆனா அதே சென்சஸ்ல உன் தேசிய அடையாளம் என்னன்னும் கேட்டிருக்காங்க. பிரிட்டிஷ் மட்டும்னு சொன்னவங்க 31.9, ஐரிஷ் மட்டும்னு சொன்னவங்க 29.1, 'நார்தர்ன் ஐரிஷ்' மட்டும்னு சொன்னவங்க 19.8. மிச்சம் பேரு ரெண்டும் மூணும் கலந்து சொன்னவங்க, வெளிநாட்டுல இருந்து வந்தவங்க. 45.7 எங்க, 29.1 எங்க பாருங்க. ஞானஸ்நானம் வாங்கினதுக்கும் ஓட்டுக்கும் நடுவுல ஏகப்பட்ட இடைவெளி இருக்கு.

சீட் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். 1998 சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்த முதல் அசெம்பிளில, அதாவது வடக்கோட சட்டசபையில, 108 சீட்டுல நேஷனலிஸ்ட் கட்சிங்க ரெண்டும் சேந்து 42. 2022ல 90 சீட்டுல ஷின் ஃபேன் 27, எஸ்.டி.எல்.பி. 8, மொத்தம் 35. வகுத்துப் பாருங்க, ரெண்டுமே கிட்டத்தட்ட 39 சதவீதம். கால் நூற்றாண்டுல அந்தப் பங்கு அசையவே இல்ல! மிஷெல் ஓ'நீல் 2024 பிப்ரவரில முதல்வரா உக்காந்தது சரித்திரம்தான், ஆனா நேஷனலிஸ்ட் ஓட்டு ஒரே கட்சி பக்கம் குவிஞ்சதும், யூனியனிஸ்ட் ஓட்டு கரைஞ்சதும்தான் காரணம். கரைஞ்சது எங்க போச்சு? நேரா அந்தப் பக்கம் போகல, நடுவுல இருக்கற அலையன்ஸ் கட்சிக்குத்தான் நிறையப் போச்சு, அவங்க 17 சீட்டு. அவங்க பச்சையும் இல்ல ஆரஞ்சும் இல்ல, அதாவது நேஷனலிஸ்ட்டும் இல்ல யூனியனிஸ்ட்டும் இல்ல, எல்லை விஷயத்துல கட்சிக்கு நிலைப்பாடு கிடையாதுன்னு ஓப்பனா சொல்றவங்க. கொடுமை என்னன்னா, அசெம்பிளில முக்கியமான சில ஓட்டெடுப்புல ரெண்டு சமூகமும் தனித்தனியா சம்மதிக்கணும்னு ரூல், அங்க 'மற்றவர்'னு பதிவு பண்ணின அலையன்ஸ் ஆளுங்க ஓட்டு எந்தப் பக்கக் கணக்குலயும் சேராது. யாரு நாட்டோட தலையெழுத்தை முடிவு பண்ணப் போறாங்களோ அவங்களுக்கு சபைக்குள்ள அரை மதிப்புதான்.

அந்த நடுவுல இருக்கறவங்க எதை வச்சு முடிவு பண்ணுவாங்க? 1690ல புரொட்டஸ்டன்ட் ராஜா ஜெயிச்ச பாய்ன் யுத்தத்தை வச்சும் இல்ல, 1916ல டப்ளின்ல பிரிட்டனுக்கு எதிரா நடந்த எழுச்சியை வச்சும் இல்ல. டாக்டர் ஃபீஸ், பென்ஷன், பையனோட ஸ்கூல், வீட்டுக் கடன். சர்வேல ஒண்ணு சேரணும்னு சொல்றவங்க எந்த சர்வேங்கறதைப் பொறுத்து மூணுல ஒரு பங்குல இருந்து நாப்பது சதவீதம் வரைக்கும் ஆடுது, பாதியைத் தாண்டல. பிரெக்ஸிட் வந்தப்ப வடக்குல 55.8 சதவீதம் பேரு ஐரோப்பிய யூனியன்லயே இருக்கணும்னு ஓட்டு போட்டும் இழுத்துட்டுப் போயிட்டாங்க, அதுல கடுப்பாகி 'அப்ப டப்ளினே தேவலை'ன்னு யோசிச்சவங்க உண்டு, அவங்களை ஷின் ஃபேன் இன்னும் முழுசா பிடிக்கல. 2030க்குள்ள ஓட்டெடுப்பு வைன்னு கேக்கறாங்களே தவிர சேந்த பிறகு ஆஸ்பத்திரி யாரோடது, பெல்ஃபாஸ்ட்ல அசெம்பிளி இருக்குமா இருக்காதான்னு கேட்டா, அதெல்லாம் உக்காந்து பேசலாம்கறாங்க. பொண்ணு யாருன்னு சொல்லாம கல்யாணத் தேதி குறிக்கச் சொன்ன கதை.

பெயர் வேண்டாம், பெல்ஃபாஸ்ட்

கே: நான் மதுரைப் பக்கத்துல இருந்து வந்து இங்க ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன் அண்ணா, இந்தியன் பாஸ்போர்ட்தான். எல்லை ஓட்டெடுப்பு வந்தா எனக்கு ஓட்டு உண்டா? கூட வேலை பாக்கறவங்க நீ எந்தப் பக்கம்னு சிரிச்சுக்கிட்டே கேக்கறாங்க, சிரிச்சுக்கிட்டே நழுவிடறேன்.

ப: நழுவறதுதான் அங்க புத்திசாலித்தனம்மா. ஓட்டு உண்டான்னா, இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. யாருக்கு ஓட்டுங்கறதை ஓட்டெடுப்பு ஆணையிலதான் எழுதணும்னு 1998 சட்டம் சொல்லுது, இன்னும் எழுதல. ஆனா பிரிட்டன்ல சட்டப்படி குடியிருக்கற காமன்வெல்த் நாட்டுக்காரங்களுக்கு எல்லாத் தேர்தல்லயும் ஓட்டு உண்டு, 2016 பிரெக்ஸிட் ஓட்டெடுப்புலயே இந்தியன் பாஸ்போர்ட்காரங்க ஓட்டு போட்டாங்க, போலந்துக்காரங்களுக்குத்தான் கிடையாது. அதே லிஸ்ட்டை எடுத்துக்கிட்டா உங்களுக்கும் உண்டு. வேடிக்கை என்னன்னா, டப்ளின்ல இருக்கற உங்க ஃப்ரெண்டு ஐரிஷ் குடியுரிமை வாங்கலைன்னா அங்க நடக்கற ஓட்டெடுப்புல போட முடியாது, தெற்குல ரெஃபரண்டம்னா குடிமக்களுக்கு மட்டும்தான். ஆக அயர்லாந்து ஒண்ணாகறதைப் பத்தி பெல்ஃபாஸ்ட்ல இருக்கற மதுரைப் பொண்ணு சொல்லலாம், டப்ளின்ல இருக்கற மதுரைப் பொண்ணு சொல்ல முடியாது.

நீங்க நழுவறதுக்கு நியாயம் இருக்குன்னு சொன்னேனே, அன்னா லோ கதை தெரிஞ்சிருக்கும். ஹாங்காங்ல பொறந்து பெல்ஃபாஸ்ட்ல சமூக வேலை பாத்து 2007ல அலையன்ஸ் சார்பா அசெம்பிளிக்குப் போனவங்க. 2014ல எனக்கு ஒன்றுபட்ட அயர்லாந்துதான் பிடிக்கும்னு சொன்னாங்க, கொஞ்சம் நஞ்சம் வசவு இல்ல. இப்ப நிலைமை வேற ரகம். 2024 ஆகஸ்ட்ல பெல்ஃபாஸ்ட்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு எதிரா நடந்த ஊர்வலத்துல டப்ளின்ல இருந்து அயர்லாந்து மூவர்ணக் கொடியோட வந்தவங்களும், பிரிட்டன் கொடியான யூனியன் ஜாக் பிடிச்ச உள்ளூர் லாயலிஸ்ட்டுகளும் (தீவிர யூனியனிஸ்ட்டுங்க) ஒண்ணா நடந்தாங்க, வெளிநாட்டுக்காரங்க கடைங்க எரிஞ்சுச்சு. நூறு வருஷமா சேராத ரெண்டு கொடி எதுக்காக சேந்துச்சு பாருங்க. 2025 ஜூன்ல பாலிமீனாவுல வீடுங்களைக் கொளுத்தினப்ப சில குடும்பங்க தங்களோட வீட்டுக்கதவுல 'இங்க ஃபிலிப்பினோ குடும்பம் இருக்கு'ன்னு எழுதி ஒட்டி வச்சிருந்தாங்க, எங்களை விட்டுடுங்கன்னு அர்த்தம். யாரு ஐரிஷ், யாரு பிரிட்டிஷ்னு பேசற மேடைங்கள்ல உங்களை மாதிரி ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாக்கறவங்களைப் பத்தி பேச்சே வர்றதில்ல, எனக்கு அதுலதான் எரிச்சல்.

வாசகர், சிவகாசி

கே: ஓட்டெடுப்பு வைக்கறது யார் கையில இருக்கு? பாதிக்கு மேல ஒரே ஒரு ஓட்டு வந்தாலும் நாடு மாறிடுமா?

ப: லண்டன்ல வட அயர்லாந்துக்குன்னு ஒரு மந்திரி இருப்பாரு, அவரு கையில. 1998 ஏப்ரல் 10, அந்த முப்பது வருஷச் சண்டைக்கு முடிவு கட்டின புனித வெள்ளி ஒப்பந்தம். வடக்குல 71 சதவீதம், தெற்குல 94 சதவீதம் பேரு ஆதரிச்சு ஓட்டு போட்டாங்க. அதுப்படி பெரும்பான்மை சேரணும்னு ஓட்டு போட வாய்ப்பிருக்குன்னு மந்திரிக்குத் தோணிச்சுன்னா ஓட்டெடுப்பு வச்சே ஆகணும். எதை வச்சுத் தோணணும்? சர்வேயா, தேர்தல் முடிவா, சென்சஸா? சட்டத்துல எழுதல! தோத்தா 7 வருஷம் கழிச்சுத்தான் அடுத்தது. முன்னாடி 1973ல ஒரு தடவை வச்சாங்க, நேஷனலிஸ்ட்டுங்க புறக்கணிச்சாங்க, பிரிட்டன்கூட இருக்கணும்னு கிட்டத்தட்ட 99 சதவீதம் வந்துச்சு. அந்த 99ஐ யாராவது ஒருத்தராவது நம்பினாங்களா சொல்லுங்க.

ஒரு ஓட்டு விஷயம். சட்டப்படி ஆமா, அதுவே போதும். எஸ்.டி.எல்.பி.யோட பெரிய தலை, துணை முதல்வரா இருந்த ஷேமஸ் மாலன், வாழ்நாள் முழுக்க நேஷனலிஸ்ட், அவரே 2019ல அது போதாது, யூனியனிஸ்ட்டுங்கள்லயும் கணிசமான பேரு சம்மதிக்கணும்னு சொன்னாரு. ஷின் ஃபேன் கொதிச்சிடுச்சு. நூறு வருஷமா மெஜாரிட்டி மெஜாரிட்டின்னு சொல்லி எங்களை உக்கார வச்சீங்க, எங்களுக்கு மெஜாரிட்டி வர்ற நேரத்துல ரூலை மாத்தறீங்களான்னு கேட்டா பதில் சொல்ல முடியாதுதான். என் ஓட்டும் ஐம்பதுக்கு மேல ஒண்ணுக்குத்தான், ஒப்பந்தத்துல எழுதினதை நடுவுல மாத்தினா அப்புறம் எந்த ஒப்பந்தத்தையும் நம்ப முடியாது. ஆனா மாலன் பயந்தது சும்மா இல்ல. 52க்கு 48ன்னு பிரெக்ஸிட்டை ஜெயிச்சுட்டு அப்புறம் என்ன அர்த்தம்னு வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்களே, அதை அடுத்த வீட்டுல இருந்து பாத்துட்டுமா அதே மாதிரி வைக்கணும்? திட்டம் முழுசா பேப்பர்ல வந்த பிறகு ஓட்டு வைக்கட்டும்.

கிரிக்கெட் பைத்தியம், திருநெல்வேலி

கே: நாடு ரெண்டு, கிரிக்கெட் டீம் மட்டும் ஒண்ணா? எப்படி அண்ணே?

ப: டீமெல்லாம் பிரிவினைக்கு முன்னாடியே இருந்துச்சு, பிரிச்சு வைக்க யாருக்கும் தோணல. 2011 மார்ச் 2, பெங்களூர், இங்கிலாந்து 327 அடிச்சுட்டு ஜெயிச்ச மாதிரி உக்காந்திருந்தப்ப கெவின் ஓ'பிரையன் 50 பந்துல செஞ்சுரி போட்டாரே, மறந்திருக்க மாட்டீங்க. அவரு டப்ளின். அன்னிக்கு கேப்டன் போர்ட்டர்ஃபீல்டு வடக்குக்காரர். பால் ஸ்டர்லிங் பெல்ஃபாஸ்ட், குஜராத் டைட்டன்ஸுக்கு ஆடின ஜோஷ் லிட்டில் டப்ளின். 2024 ஜூலைல சொந்த மண்ணுல முதல் டெஸ்ட் வெற்றி, அது நடந்த இடம் பெல்ஃபாஸ்ட் ஸ்டோர்மான்ட், வடக்கோட அசெம்பிளி இருக்கற அதே ஏரியா.

ரக்பியும் ஒரே டீம். அதுல பாட்டுதான் பிரச்சினை. தெற்கோட தேசிய கீதத்துக்கு ஒரு பெல்ஃபாஸ்ட் புரொட்டஸ்டன்ட் ஆட்டக்காரர் எப்படி நெஞ்சுல கைவைப்பாரு? 1995ல பொதுவா ஒரு புதுப்பாட்டு எழுதி வாங்கினாங்க. டப்ளின் மேட்ச்சுன்னா ரெண்டும் பாடுவாங்க, வெளியூர்னா புதுசு மட்டும். பாட்டு சுமார்தான், ஆனா வேலை நடக்குது. ஃபுட்பால்ல இது ஒண்ணும் கதையாகல, ரெண்டு டீம், டெர்ரில பொறந்த ஜேம்ஸ் மெக்ளீன் வடக்கு ஜூனியர் டீமுக்கு ஆடிட்டு சீனியருக்குத் தெற்குக்குப் போனாரு, இன்னிக்கு வரைக்கும் அவரு பேரை எடுத்தா பாதி ஊரு கைதட்டும் பாதி ஊரு திட்டும்.

இல்லத்தரசி, திண்டுக்கல்

கே: தெற்குல இருக்கறவங்களாவது எல்லாரும் ஒண்ணு சேரணும்னுதானே சொல்வாங்க?

ப: வாயால சொல்வாங்கம்மா. சர்வேல மூணுல ரெண்டு பேரு ஆமாங்கறாங்க. அப்புறம் அதே ஆளுங்ககிட்ட சரி, கொடியை மாத்தலாமா, தேசிய கீதத்தை மாத்தலாமா, வரி கொஞ்சம் ஏத்தலாமான்னு கேட்டா முகம் மாறிடுது. வடக்குக்கு லண்டன் வருஷா வருஷம் ஆயிரம் கோடி பவுண்டுக்குப் பக்கமா கொட்டுது, அதை இனி யாரு கொட்டுவாங்க? 2024ல டப்ளின் பொருளாதார நிபுணர்கள் ரெண்டு பேரு வருஷத்துக்கு 800 கோடில இருந்து 2,000 கோடி யூரோ வரை ஆகும்னு கணக்கு போட்டாங்க, இல்லவே இல்ல அதுல கால்வாசி கூட ஆகாதுன்னு இன்னொரு பேராசிரியர் மறுத்தாரு. பென்ஷனை லண்டன் தருமா, பழைய கடன்ல பங்கு கேக்குமாங்கறதுலதான் அந்த வித்தியாசத்துல பெரும்பகுதி, அதெல்லாம் பேரம் பேசித்தான் முடிவாகும், கால்குலேட்டர்ல வராது.

ஆஸ்பத்திரி விஷயம் உங்களுக்குப் புரியும். வடக்குல டாக்டரைப் பாக்க காசு கிடையாது, மருந்துச்சீட்டுக்கும் காசு கிடையாது, ஆனா ஆபரேஷனுக்கு வருஷக்கணக்கா க்யூ, பிரிட்டன்லயே அங்கதான் மோசம். தெற்குல மெடிக்கல் கார்டு மாதிரி இலவசச் சலுகை எதுவும் இல்லாதவங்க ஒரு தடவை டாக்டரைப் பாத்தா ஐம்பது அறுபது யூரோ எடுத்து வைக்கணும். இதைக் கேட்ட பெல்ஃபாஸ்ட் கத்தோலிக்கப் பாட்டிக்கே தேசப்பற்று கொஞ்சம் ஆட்டம் காணும்.

தெற்கு வடக்கை எப்படி நடத்துதுங்கறதுக்கு ஒரு உதாரணம். மேரி மெக்அலீஸ் பெல்ஃபாஸ்ட்ல பொறந்தவங்க, 1997ல இருந்து 14 வருஷம் அயர்லாந்து ஜனாதிபதி. ஆனா வடக்குல குடியிருக்கற ஐரிஷ் குடிமகனுக்கு ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு கிடையாது. 2011ல டெர்ரிக்காரர், ஷின் ஃபேனோட பெரிய தலை மார்ட்டின் மெக்கின்னஸ் அதே பதவிக்கு நின்னாரு, தனக்குத்தானே ஓட்டு போட முடியல. ஓட்டெடுப்பு, ஒன்றிணைப்புன்னு பேசறதுக்கு முன்னாடி இதையாவது சரி பண்ணக் கூடாதா?

வாசகர், ஈரோடு

கே: யூனியனிஸ்ட்டுங்க அப்படி என்னதான் பயப்படறாங்க?

ப: முன்னாடி பயம் போப்பைப் பாத்து. டப்ளின் ஆட்சின்னா ரோம் ஆட்சிம்பாங்க, அப்ப அதுல உண்மையும் இருந்துச்சு, 1937 அரசியல் சட்டத்துல கத்தோலிக்க சர்ச்சுக்கு விசேஷ அந்தஸ்தே குடுத்திருந்தாங்க, 1972லதான் எடுத்தாங்க. ஆனா 1995ல விவாகரத்து, 2015ல ஓட்டெடுப்பு வச்சே ஒருபால் திருமணம், 2018ல கருக்கலைப்புன்னு தெற்கு எங்கயோ போயிடுச்சு. இப்ப யூனியனிஸ்ட் கட்சியான டி.யூ.பி. ஆளுங்களோட புகார் தெற்கு ரொம்ப தாராளமா இருக்குங்கறது. அதனால பழைய பயம் செல்லாது, புது பயம் வேற, காணாமப் போயிடுவோமோன்னு. நான் பிரிட்டிஷ்காரன், ஒரு நாள் காலையில எழுந்தா என் நாடு என்னைவிட்டுப் போயிருக்கும்ங்கற பயம். இதை சும்மா சிரிச்சு ஒதுக்கக் கூடாது, நூறு வருஷம் முன்னாடி ஆறு கவுன்ட்டி கத்தோலிக்கருக்கு நடந்தது அச்சு அசல் இதேதான். ஒப்பந்தப்படி ஆட்சி மாறினாலும் பிரிட்டிஷ் குடியுரிமை போகாது, ஆனா மனசு சட்டம் படிக்காதே.

அவங்களுக்குள்ளயும் ஒத்த கருத்து இல்ல. முதல்வரா இருந்த ஆர்லீன் ஃபாஸ்டர் 2018ல, ஒண்ணு சேந்தா நான் ஊரைவிட்டே போயிடுவேன் போலன்னாங்க. அதே வருஷம் அவங்களுக்கு முன்னாடி முதல்வரா இருந்த பீட்டர் ராபின்சன், வீடு எரியும்னு எதிர்பாக்கலைன்னாலும் இன்ஷூரன்ஸ் போடறோம், அந்த மாதிரி இதுக்கும் தயாராகணும்னு சொல்லி சொந்தக் கட்சிக்காரங்ககிட்டயே வாங்கிக் கட்டிக்கிட்டாரு. இதுக்கு நடுவுல கிழக்கு பெல்ஃபாஸ்ட், நியூட்டனார்ட்ஸ் ரோடு, லாயலிஸ்ட் கோட்டை, அங்க லிண்டா எர்வைன்னு ஒரு புரொட்டஸ்டன்ட் அம்மா ஐரிஷ் மொழி வகுப்பு நடத்தறாங்க. நம்ம தாத்தா பாட்டி பேசின மொழிதான், ஷின் ஃபேனுக்கு எழுதி வச்ச சொத்தாங்கறது அவங்க கட்சி. மிரட்டல் வந்துச்சு, வகுப்பு நிக்கல. அவங்க ஐரிஷ் பேசற யூனியனிஸ்ட், சென்சஸ்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க?

வாசகர், யாழ்ப்பாணம்

கே: ஐயா, அயர்லாந்தைப் பாத்து நாங்களும் ஏதும் படிக்கலாம் எண்டு எங்கட ஆக்கள் எப்பவும் சொல்லுவினம். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?

ப: மெக்கின்னஸே 2006ல இலங்கைக்கு வந்து புலிகள் தரப்பையும் சந்திச்சுப் பேசிட்டுப் போனாரு, என்ன ஆச்சுன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ஒரே வித்தியாசம் மட்டும் சொல்றேன். 1993ல லண்டன், எங்களுக்கு அங்க சுயநலம் எதுவும் இல்ல, பெரும்பான்மை போகணும்னா போகட்டும்னு எழுத்துல குடுத்துச்சு. உங்க நாட்டுல 1983ல வந்த ஆறாவது திருத்தம் தனி நாடுன்னு ஆதரிச்சுப் பேசறதையே குத்தமாக்கி வச்சிருக்கு. முதல் கதவே வேறயா இருக்கும்போது வீட்டு வரைபடத்தை வாங்கி என்ன செய்ய?

ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

கே: நமக்கும் அயர்லாந்துக்கும் பழைய தொடர்பு ஏதாவது உண்டா?

ப: நிறைய சார். அன்னி பெசன்ட் 1916ல சென்னையில ஆரம்பிச்ச ஹோம் ரூல் இயக்கத்துக்குப் பேரே அங்கிருந்து வந்ததுதான். நம்ம வி.வி.கிரி 1913ல சட்டம் படிக்க டப்ளின் போனவரு, 1916 எழுச்சி நேரத்துல அங்க சந்தேகப்பட்டு வெளியேத்திட்டாங்க. திரும்பி வந்து தொழிற்சங்கம், ராஜாஜி மந்திரி சபை, கடைசியில ராஷ்டிரபதி பவன்.

வாசகி, கோயம்புத்தூர்

கே: சுத்தி வளைக்காம சொல்லுங்க, பத்து வருஷத்துல ஒண்ணாகுமா?

ப: ஆகாது. ஓட்டெடுப்பு கூட வராதுன்னுதான் நினைக்கறேன். இருபது வருஷம்னா பந்தயம் கட்ட மாட்டேன்.

வாசகர், வேலூர்

கே: வட அயர்லாந்துக்காரரை நேர்ல பாத்தா ஐரிஷ்னு கூப்பிடறதா, பிரிட்டிஷ்னு கூப்பிடறதா? ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சுக்கலாமாமே?

ப: அவரே சொல்ற வரைக்கும் சாரை 'சார்'னே கூப்பிடுங்க. ஒப்பந்தப்படி ஐரிஷ், பிரிட்டிஷ், இல்ல ரெண்டும்னு அவரே தீர்மானிச்சுக்கலாம். ஆனா எமா டிசூசான்னு ஒரு அம்மா நான் ஐரிஷ் மட்டும்னு சொல்லி, அமெரிக்கப் புருஷனுக்கு ஐரோப்பிய யூனியன் ரூல்படி விசா கேட்டப்ப பிரிட்டிஷ் உள்துறை ஒத்துக்கல, பொறந்தப்பவே நீ பிரிட்டிஷ், வேண்டாம்னா விண்ணப்பம் போட்டு விட்டுக்குடுன்னுச்சு. என்கிட்ட இல்லாததை எப்படி விட்டுக்குடுக்கறதுன்னு அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2019ல தோத்தாங்க, ஆனா அடுத்த வருஷம் அரசாங்கமே விசா விதியை மாத்துச்சு.

பாஸ்போர்ட் ரெண்டும் வச்சுக்கலாம், பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் அங்க ஐரிஷ் பாஸ்போர்ட்டுக்கு பயங்கர டிமாண்ட். டப்ளினோட எந்த ஒட்டும் உறவும் வேண்டாம்னு பல வருஷம் தொண்டை கிழியக் கத்தின டி.யூ.பி.யை ஆரம்பிச்ச இயன் பெய்ஸ்லியோட மகன், அப்ப அவரும் டி.யூ.பி. எம்.பி.யா இருந்தாரு, பிரெக்ஸிட்டை ஆதரிச்சவரு, ஓட்டு முடிஞ்ச கையோட 2016ல சொன்னாரு: தகுதி இருந்தா ரெண்டாவது பாஸ்போர்ட் எடுத்துக்குங்க, தொகுதிக்காரங்க ஃபாரத்துல நானே நிறைய கையெழுத்து போட்டுக் குடுக்கறேன்னு.

அடுத்த இதழ்ல வழக்கம்போல எல்லாக் கேள்வியும் அனுப்பலாம். சினிமாவும் சேத்துத்தான்.